போர் போடக் கடன்: பூமியின் பாஸ்புக்கில் இருப்பு எவ்வளவு?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வரவு செலவு வாசித்தாயிற்று. தணிக்கை அறிக்கையும் ஆயிற்று. சாப்பாட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதற்குள் ஒரு விஷயத்தைப் பேசி முடிக்கணும். இந்த மேசை மேலே ஒரு கட்டு விண்ணப்பம் இருக்கு பாருங்கள். எல்லாம் கடன் விண்ணப்பம்தான். போர் ஆழப்படுத்த, புது போர் போட, பெரிய மோட்டார் இறக்க. கறவை மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை என்று கேட்டு வந்த காலம் போய், இந்த வருஷம் பாதிக்குப் பாதி போர்தான். கொடுக்கலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று கடன் குழு எங்களைக் கேட்டது. உடனே பதில் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. கடன் குழுவில் இருக்கும் சகோதரிகளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு இரண்டு நாள் கண்டுணர் பயணம் போய் வந்தோம். அங்கே பார்த்ததையும், மழை, மண், பாறை பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

"நம்ம போருக்கும் மெட்ராசுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. நம்ம ஊரில் இப்போது நடப்பது அங்கே முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. அதை அளந்து, கணக்கு எழுதியும் வைத்திருக்காங்க. கணக்குப் புத்தகம் எங்கே சரியாக இருக்கோ அங்கே போய்ப் பார்ப்பதுதானே நம்ம குழு வழக்கம்.

முதலில் மழை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மையம் இருக்கு. டி.வி.யில் புயல் செய்தி சொல்லும்போது காட்டுவாங்களே, அதே இடம்தான். 1792ஆம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் காலத்தில் நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடம் அது. சென்னை மழையின் கணக்கு இருநூறு வருஷத்துக்கு மேலாக எழுதப்பட்டிருக்கு. இவ்வளவு நீண்ட மழைக் கணக்கு உலகத்திலேயே சில ஊர்களுக்குத்தான் உண்டு.

மழையை மில்லிமீட்டரில் சொல்றாங்களே, அது என்ன என்று பலருக்கும் குழப்பம். ரொம்ப சுலபம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான். சென்னைக்கு ஒரு வருஷத்தில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. நம்ம பக்கம் ஆயிரத்துக்கு மேல். 400 சதுர அடி ஓட்டு வீடு ஒன்றின் கூரை மேல் மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 37,000 லிட்டர் விழுகிறது. குடத்துக் கணக்கில் மூவாயிரம் குடம். தெருக்குழாயில் ஒரு குடத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் நாம்.

சரி, அந்த இருநூறு வருஷப் பாஸ்புக் என்ன சொல்லுது? மழை ஒருநாளும் தவணை தவறாமல் கட்டும் உறுப்பினர் கிடையாது. 1918 நவம்பரில் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கு. அப்புறம் நவம்பர் மாதத்தில் மறுபடியும் ஆயிரத்தைத் தாண்டியது கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து 2015ல்தான். அந்த ஈரம் காய்வதற்குள் டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தாங்க, அடையாறு பொங்கியது, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் முழுகியது. நம்ம சங்கத்திலிருந்து புடவையும் அரிசியும் மூட்டை கட்டி அனுப்பியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே சென்னையில் 2018 வடகிழக்குப் பருவமழை பாதிக்கும் மேலே பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்துக்கும் ரயில் தண்ணீருக்கும் நடுவில் நாலே வருஷம்.

இதற்கெல்லாம் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்றாங்க. பயிற்சிகளில் நாங்களும் சொல்கிறோம். அதில் உண்மை இருக்கு. 1901லிருந்து 2018க்குள் இந்தியாவின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி கூடியிருக்கு. காற்று 1 டிகிரி சூடானால் அதனால் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடித்து வைக்க முடியும். பெரிய துணியை நனைத்துப் பிழிந்தால் அதிகமாகக் கொட்டும் இல்லையா, அந்த மாதிரி. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த ஊருக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையை விட அது அதிகம்.

ஆனாலும் ஒரு விஷயம் எங்களை யோசிக்க வைத்தது. 2015 சென்னை மழையைப் பற்றிப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு ஆய்வு செய்து 2016ல் வெளியிட்டாங்க. பூமி சூடானதால்தான் இந்த மழை வந்ததா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. அந்த ஒரு மழையில் அதன் பங்கு இருப்பதாக எங்கள் கணக்கில் தெரியவில்லை என்று எழுதிவிட்டாங்க. வங்காள விரிகுடாவின் மேற்குப் பக்கம், அதாவது நம்ம கரையோரம், அந்த முப்பத்தைந்து வருஷத்தில் கடல் மேற்பரப்பு சூடாகவில்லையாம். காற்றில் உள்ள புகையும் தூசியும் வெயிலை மறைத்திருக்கலாம் என்று காரணம் சொன்னாங்க. பூமி சூடாகவே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. மற்ற இடங்களில் பல மழைகளில் அதன் கை இருப்பதை இதே மாதிரி ஆய்வுகள் காட்டியிருக்கு. இருக்கிற இடத்தில் இருக்கு, தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுகிறாங்க பாருங்கள், அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது. ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், "காலம் கெட்டுப் போச்சு, பருவம் மாறிப் போச்சு" என்று சொல்லிவிட்டால் நம்ம வேலை முடிந்துவிடுகிறது. பெய்த மழை எங்கே போச்சு என்று யாரும் கேட்பதில்லை.

எங்கே போச்சு என்று தி.நகரில் பார்த்தோம். தி.நகர் என்றதும் நம்ம சகோதரிகளுக்கு ரங்கநாதன் தெரு ஞாபகம்தான். போனோம், மறைக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு பை வாங்கிக்கொண்டு, ரயில் பாலத்தைத் தாண்டி மேற்கு மாம்பலம் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு சாலைக்குப் பெயர் லேக் வியூ ரோடு. ஏரியைப் பார்க்கும் சாலை என்று அர்த்தம். கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஏரி எங்கே என்று கேட்டோம். காலுக்குக் கீழே பாருங்கம்மா என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவர். நுங்கம்பாக்கம் தொடங்கி சைதாப்பேட்டை பக்கம் வரை வடக்கும் தெற்குமாக நீளமான ஏரி இருந்தது. மயிலாப்பூர் ஏரி, மாம்பலம் ஏரி என்று பெயர். அதன் கீழே வயலும் தோப்பும். 1920களில் சென்னை நகரம் பெருகியபோது ஏரியை வடித்து, தூர்த்து, மனை பிரித்தாங்க. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரை வைத்தாங்க. அதுதான் தியாகராய நகர். 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கா? எங்களோடு வந்த ஒரு பிரதிநிதி சொன்னாங்க: "தண்ணிக்குப் பட்டா மாத்தத் தெரியாது இல்ல, பழைய விலாசத்துக்கே வருது."

இன்னொரு விஷயமும் அங்கே இருக்கு. ஏரிப் படுகை என்பதால் தி.நகர், மாம்பலம் பக்கம் களிமண். மேலே நிற்கும் தண்ணீர் சுலபமாக உள்ளே இறங்காது. தெரு முழுகிக் கிடக்கும், அந்தத் தெருவுக்குக் கீழே போர் வறண்டு கிடக்கும். இரண்டும் ஒரே வருஷத்தில் நடக்கும்.

அங்கிருந்து மயிலாப்பூர் போனோம். கபாலீசுவரர் கோயில் குளத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தோம். குளத்தில் தண்ணீர் நின்றால் மாடவீதிக் கிணறுகளில் ஊறும், குளம் காய்ந்தால் கிணறும் காயும் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்றாங்க. தெப்பத் திருவிழா சாமிக்கு மட்டும் இல்லை போலிருக்கு.

மயிலாப்பூருக்குத் தெற்கே அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர். அங்கே மண் வேற. கடற்கரை மணல். கடல் கூப்பிடு தூரத்தில் அலை அடிக்குது, ஆனால் கொஞ்ச ஆழத்திலேயே கிணற்றில் நல்ல தண்ணீர். இது எப்படி? இதற்கு விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குக் கண்டுபிடித்துவிட்டாங்க. உப்புத் தண்ணீர் கனம், மழைத் தண்ணீர் லேசு. மணலில் இறங்கிய மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால், அதன் கனம் உப்பை அழுத்தி, கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும்.

நல்லாக் கவனியுங்கள், இதைத் திருப்பிப் போட்டால் பயம் வரும். மேலே 1 அடியை நாம் இறைத்து எடுத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 அடி மேலே ஏறி வரப் பார்க்கும். ஒரு ரூபாய் எடுத்தால் நாற்பது ரூபாய் கழியும் கணக்கு. எந்தக் கந்துவட்டிக்காரரும் இப்படி வாங்க மாட்டார். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் இது நடந்தே போச்சு. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாசனத்துக்கும் போட்டி போட்டு இறைத்தாங்க. 1969ல் கடலிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு எல்லை, 1987ல் 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. அந்த 1987ல்தான் சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை எடுப்பதற்குத் தனிச் சட்டம் வந்தது.

தென்சென்னையில் இந்த ஆபத்தை முன்கூட்டியே சொன்னவர்களில் சேகர் ராகவன் என்ற இயற்பியல் படித்தவர் ஒருவர். 1990களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய், மொட்டை மாடித் தண்ணீரைத் தெருவில் விடாதீங்க, கிணற்றில் விடுங்க என்று கேட்டார். கேட்டவர்கள் கொஞ்சம், கதவைச் சாத்தியவர்கள் அதிகம். வீடு வீடாகப் போய்க் குழு ஆரம்பித்த நமக்கு அந்தக் கஷ்டம் தெரியும். 2002ல் மந்தைவெளிப் பக்கம் மழைநீர் சேகரிப்பை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள ரெயின் சென்டர் என்று ஒன்று திறந்தாங்க. 2003ல் அரசாங்கமே தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியது. அடுத்த சில வருஷத்தில் நல்ல மழையும் பெய்தது. சென்னையில் பல இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் மீட்டர் கணக்கில் உயர்ந்ததைக் கண்காணிப்புக் கிணறுகள் காட்டின. அப்புறம்? பல வீடுகளில் குழாய் உடைந்தது, தொட்டி தூர்ந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2019ல் அதன் பலனும் தெரிந்தது. குழு ஆரம்பிப்பது ஒரு நாள், நடத்துவது தினம் தினம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இனி நம்ம கதை. நமக்குக் கடற்கரை மணலும் இல்லை, தி.நகர் களிமண்ணும் இல்லை. நமக்குப் பாறை. சென்னையிலும் கிண்டி, வேளச்சேரி, தரமணிப் பக்கம் கீழே பாறைதான். பல்லாவரம், வண்டலூர் வழியாக நம்ம பக்கம் வரைக்கும் அதே இனம். சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை பல்லாவரத்துக் கல்லால் கட்டியது, அதனால் பாறைக்கே அவர் பெயரை வைத்துவிட்டாங்க. நம்ம அம்மிக்கல், உரல் எல்லாம் எத்தனை பெருமை உள்ள கல் பாருங்கள்.

இந்தப் பாறை உள்ள இடத்தில் தண்ணீர் எங்கே இருக்கு? மேலே மண், அதன் கீழே மக்கிப்போன, உதிரும் பாறை. அந்த அடுக்குதான் நம்ம சேமிப்புக் கணக்கு. ஏரித் தண்ணீரும் மழையும் அதில்தான் இறங்கும், நம்ம தாத்தா வெட்டிய கிணறு அதில்தான் ஊறும். அதற்கும் கீழே கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும்தான். கீழே போகப் போக வெடிப்பு குறையும். ஆழமாகப் போனால் நிறைய தண்ணீர் என்று நினைப்பது மணல் பூமிக்காவது கொஞ்சம் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. 300 அடியில் இல்லாதது 800 அடியில் இருக்கும் என்று ரிக் வண்டிக்காரர் சொல்வார், அவருக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி.

ஆழத்தில் கிடைக்கிற தண்ணீருக்கு வயசு என்ன என்று கூடக் கண்டுபிடிக்கிறாங்க. 1950, 60களில் பெரிய நாடுகள் ஆகாயத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது டிரிட்டியம் என்ற ஒரு பொருள் காற்றில் கலந்து, உலகம் முழுக்க மழையோடு இறங்கியது. போர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து அதில் அது கொஞ்சம்கூட இல்லை என்றால், அந்த மழை அதற்கும் முன்னால் பெய்தது. நம்ம பாட்டி பிறந்தபோது பெய்ததாக இருக்கலாம். சில இடங்களில் ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைய தண்ணீரும் உண்டு. அந்த மாதிரித் தண்ணீரை எடுத்தால் அடுத்த ஐப்பசி மழையில் திரும்பி ஊறாது. ஆழத்துப் பாறைத் தண்ணீரில் சில பகுதிகளில் புளோரைடு அதிகம் இருந்து, குழந்தைகள் பல்லில் கறை விழுவதைத் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பார்த்திருக்கிறோம்.

"நாம இறைக்கிற கொஞ்சத்திலயா பூமி தீர்ந்துடும்?" என்று ஒரு சகோதரி கேட்டாங்க. 2002ல் இரண்டு செயற்கைக்கோள்களை ஒன்றன் பின் ஒன்றாக விட்டாங்க. 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே சுற்றின. கீழே தண்ணீர் நிறைந்த இடத்தில் பூமியின் இழுப்பு கொஞ்சம் கூடும், வறண்ட இடத்தில் குறையும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மயிரிழை மாறுவதை வைத்து நிலத்தடி நீரை எடை போட்டாங்க. பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் பக்கம் இறைப்பது ஊறுவதை விட அதிகம் என்று ஆகாயத்திலிருந்தே தெரிந்தது. 2023ல் தென்கொரியா விஞ்ஞானிகள் இன்னொரு கணக்குச் சொன்னாங்க. 1993 முதல் 2010 வரை உலகம் முழுக்க இறைத்த நிலத்தடி நீர் கடைசியில் கடலில் போய்ச் சேர்ந்ததால், எடை இடம் மாறி, பூமி சுழலும் அச்சே சுமார் 80 சென்டிமீட்டர் நகர்ந்திருக்காம். பம்பரத்தின் ஒரு பக்கம் மண் ஒட்டினால் ஆட்டம் மாறும் இல்லையா, அது மாதிரி. இதனால் நாளைக்கே நமக்கு ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆளுக்கு ஒரு மோட்டார்தான், ஆனால் எல்லா மோட்டாரும் சேர்ந்தால் எவ்வளவு என்று பாருங்கள்.

இப்போது இந்தக் கட்டுக்கு வருவோம். போன வருஷம் ஒரு சகோதரி, பெயர் வேண்டாம், நகையும் வைத்து, குழுக் கடனும் வாங்கி போரை ஆழப்படுத்தினாங்க. ஆறு மாசம் தண்ணீர் வந்தது. அந்த ஆறு மாசத்தில் பக்கத்து இரண்டு நிலத்துக் கிணறு இறங்கிப் போச்சு. அந்த இரண்டு பேரின் விண்ணப்பமும் இதோ இந்தக் கட்டில் இருக்கு. முதல் சகோதரியின் போர் இப்போது காற்று வாங்குது, தவணை மட்டும் நிற்கவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பயிர் கண் முன்னால் வாடும்போது யார் வேண்டுமானாலும் அதைத்தான் செய்வாங்க. ஆனால் ஒரே மக்கிய பாறையில் எல்லோரும் உறிஞ்சும்போது, ஒருத்தருக்குக் கொடுக்கும் கடன் அடுத்தவருக்குக் கடன் வர வைக்குது.

அதனால் கடன் குழுவின் யோசனை இது. போர் கடன் வேண்டாம் என்று மொத்தமாக நிறுத்தவில்லை. குடிதண்ணீருக்கே வழி இல்லாத வீடுகளை முதலில் பார்க்கலாம். மற்றவர்களுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாக மின்தடை ஆய்வு செய்து காகிதம் வாங்கி வந்த பிறகு விண்ணப்பத்தை எடுக்கலாம். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் நம்பிக்கை. ஆனால் போர் பொய்த்தால் தவணையைத் தேங்காய் கட்டாது. இன்னொன்று, தூர்ந்து கிடக்கும் திறந்த கிணற்றில் கூரைத் தண்ணீரையும் வயல் வடிகாலையும் வண்டல் வடிகட்டி இறக்குவதற்கு, போர் கடனை விடக் குறைந்த வட்டியில் சிறு கடன். இது புதுசு, உங்கள் சம்மதம் வேணும். நூறு நாள் வேலையில் நாமே தூர்வாரிய ஏரி வரத்துக் கால்வாயில் இரண்டு இடத்தில் குப்பை கொட்டி அடைத்திருக்காங்க. அது யார் என்று இந்தக் கூட்டத்திலேயே பலருக்குத் தெரியும், அதை ஊராட்சி அளவில் பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு வீட்டு முற்றத்தில் மரம், கூரை மறைக்காத இடமாக, அடியும் வாயும் ஒரே அகலமான டப்பா ஒன்று வைக்கணும். மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதணும். அமாவாசை தோறும் ஒரு பொதுக் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் எத்தனை அடியில் என்று எழுதணும். தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதினால் போதும், தனி நோட்டு வாங்கச் செலவு வேண்டாம். எட்டாவது படிக்கும் நம்ம பிள்ளைகளே செய்துவிடுவாங்க. அடுத்த வருஷம் இதே நேரம் போர் கடன் பற்றிப் பேசும்போது நம்ம ஊர்க் கணக்கு நம்ம கையில் இருக்கும்.

சாப்பாடு தயார் என்று சைகை காட்டுறாங்க. சாப்பிட்டு வந்ததும் கடன் குழுத் தலைவி விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசிப்பாங்க. கிணறு கடன் வட்டிக்குக் கை தூக்கி ஓட்டு உண்டு, பாதியில் பஸ்ஸுக்குப் போய்விடாதீர்கள்.